பதினைந்தாம் நாளுக்குப் பிறகு

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. "எனக்கித் தொழுகை இல்ல" என்று சொன்னால் போதும், கேட்டவள் மேற்கொண்டு கேட்கமாட்டாள். ஐந்து வேளையும் தொழுகிற வீட்டில் ஒருத்தி பாயை விரிக்காமல் உட்கார்ந்திருந்தால் சின்னப் பெண்களுக்குக்கூட விஷயம் விளங்கிவிடும். ஆனால் நாள் எண்ணுவதில் நாங்கள் மகா கெட்டிக்காரிகள். மாதா மாதம் வருவது குறைந்தது ஒரு நாள், கூடினால் பதினைந்து நாள். நின்றதும் தலையோடு குளித்துவிட்டுத் தொழ வேண்டும். ரமழானில் விட்டுப்போன நோன்புகளை ஞாபகத்தில் வைத்துப் பிறகு பிடித்து முடிக்க வேண்டும். எழுத்து வாசனையே இல்லாத பெண்களும் இதில் ஒரு நாள் பிசகமாட்டார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வத்தேகம கடைத்தெருவிலிருந்து ஒரு மேடு ஏறினால் ராத்தாவின் வீடு. ராத்தா என் மூத்த சகோதரி. எனக்கும் அவளுக்கும் இருபத்திரண்டு வயது வித்தியாசம். என்னைப் பெற்ற இரண்டாம் வருடமே உம்மா மவுத்தாகிவிட்டதால், என்னைக் குளிப்பாட்டி, தலை சீவி, ஓத அனுப்பி, கடைசியில் கல்யாணமும் செய்து கொடுத்தது ராத்தாதான். கல்யாணத்துக்குப் பிறகும் நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். என் கணவருக்கு மடுல்கெல்ல பஜாரில் ஒரு சில்லறைக் கடை. வியாழக்கிழமை பின்னேரம் வருவார், சனிக்கிழமை காலையில் போய்விடுவார். எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் என்னிடம் இருந்ததைவிட ராத்தாவின் இடுப்பில் இருந்த நேரம்தான் அதிகம்.

ராத்தாவுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய கணவர், என் மச்சான், கண்டியில் துணி விற்கிற பிடவைக் கடை வைத்திருந்தார். தினமும் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவார். நல்ல மனிதர், ஆனால் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு வயதாகிவிடும். அவருடைய குடும்பத்தார் அக்குறணையில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, பெருநாளுக்குப் பெருநாள் வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போவார்கள். அவர் "பாப்பம்" என்பார். வேண்டும் என்றும் சொல்லமாட்டார், வேண்டாம் என்றும் சொல்லமாட்டார். அந்தப் "பாப்பம்" ராத்தாவை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. நாற்பத்துநான்கு வயதில் அவளுக்கு மாதம் வருவது நின்றுபோனது. நின்று ஒரு வருடம் வரைக்கும் அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை. தொழாத நாட்களே இல்லாமல் எல்லா நாளும் தொழுகிறாளே என்று நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் போன பிறகு ஒரு விடியற்காலை, நான் சுபஹு தொழுதுவிட்டு அடுக்களைக்குப் போனால் ராத்தா அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். தலையில் முக்காடு இல்லை. முகம் மருதாணி வைத்த புதுப்பெண்ணின் முகம்.

"ராத்தா, தொழல்லயா?" என்றேன்.

"எனக்கித் தொழுகை இல்ல," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நான் விளங்காமல் நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தாள். "நெசமாத்தான் புள்ள. நேத்து பின்னேரம் அஸருக்குப் பொறகு வந்திச்சி. மொதல்ல நானும் நம்பல்ல. யாருக்கிட்டயும் செல்லாத. கண்ணூறு பட்டுடும்."

கண்ணூறு என்றால் கண்திருஷ்டி. நல்லது நடந்தால் அதை மூடி வைப்பது எங்கள் வழக்கம். கர்ப்பம் தரித்தவள் ஐந்து மாதம் வரை வெளியே சொல்லமாட்டாள். நல்ல காரியம் என்று நினைத்ததால்தான் அதை மூடி வைத்தோம். கெட்டது என்று தெரிந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்போமோ என்னவோ. எனக்கும் அன்றைக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்லமாட்டேன். "அக்குறணைக்காரிய இனிக் கிணத்துல தள்ளலாம்" என்று நான்தான் கேலி செய்தேன். ராத்தா சிரித்துச் சிரித்து மாவை அதிகமாகப் பிழிந்துவிட்டாள்.

முதல் தடவை ஐந்து நாள் இருந்து நின்றது. பிறகு ஒரு மாதமும் பத்து நாளும் ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை எட்டு நாள். ராத்தா அதை ஒழுங்காக வருகிறது என்றே எண்ணினாள். அதன் பிறகு லெப்பையின் மனைவிக்கு மட்டும் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். லெப்பை எங்கள் பள்ளிவாசலில் தொழுவிப்பவர். அவர் மனைவியை நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம். பெண் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுப்பது அவர், பிரசவ வீட்டில் கூட இருப்பது அவர், பெண் மவுத்தானால் அந்த மையித்தைக் குளிப்பாட்டுவதும் அவர்தான். பிறப்பிலிருந்து இறப்பு வரைக்கும் எங்கள் உடம்பைப் பற்றி எது கேட்க வேண்டுமானாலும் அவரிடம்தான் கேட்போம்.

மாமி ராத்தாவின் தலையைத் தடவிவிட்டார். "நபிமார்ட பொஞ்சாதிமாரு கெழட்டு வயசுல பெத்ததில்லயா? அல்லா நாடினா நின்டதும் வரும்," என்றார். அடுத்த நாளே வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூக் கரைசலால் லெப்பை எழுதிக் கொடுத்த குர்ஆன் வசனத்தைக் கொண்டுவந்து, தண்ணீர் விட்டுக் கழுவி ராத்தாவைக் குடிக்க வைத்தார். ஏழு வெள்ளிக்கிழமை ஏழு பீங்கான்.

மூன்றாவது தடவை வந்தது நிற்கவில்லை. கொஞ்ச நாள் திட்டுத் திட்டாக, கொஞ்ச நாள் சும்மா, பிறகு ஒரேயடியாக. வீட்டுக்குப் பின்னால் மலையிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் விழுகிற பீலி ஒன்று உண்டு. அங்கே அவள் எல்லாரும் எழும்புவதற்கு முன் போய்த் துணி அலசிவிட்டு வருவாள். துணிக்குப் பஞ்சமில்லை. மச்சான் கடையிலிருந்து வெள்ளைத் துணியின் வெட்டுத் துண்டுகளைக் கட்டிக்கொண்டு வருவார். முன்பு மாதத்துக்கு ஒரு கட்டு வந்தது. இப்போது ராத்தா இன்னும் கொண்டுவரச் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்காமல் கொண்டுவந்தார்.

அது காய்ச்சல் வருடம். மழை பொய்த்து மகாவலி ஆறு கல்லும் மணலுமாகக் கிடந்தது. குட்டை குட்டையாகத் தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகி, ஊரெல்லாம் மலேரியா. வீட்டுக்கு வீடு ஒருவர் நடுங்கிக்கொண்டு கிடந்தார். என் பிள்ளைகள் இரண்டுக்கும் வந்தது, எனக்கும் வந்தது. எல்லார் முகமும் மஞ்சள் பூத்து, உதடு வெளுத்து, கண் குழிந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் ராத்தா வெளுத்துப் போனது யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணில் பட்டது. காய்ச்சல் இல்லாமலே வெளுத்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் காய்ச்சலுக்கு நடுவில் ரமழான் வந்தது. நோன்பு பிடிக்க முடியாமல் போகிறதே என்பதுதான் ராத்தாவின் கவலை. அதற்குள் அவளுக்குப் பதினாறு நாள் ஆகிவிட்டது. பதினைந்தைத் தாண்டினால் என்ன சட்டம் என்று எங்களுக்கு ஓரளவுதான் தெரியும். இப்படிப்பட்ட கேள்வியை லெப்பையிடம் நேராக யாரும் கேட்கமாட்டார்கள். மாமி போய், "ஒரு பொம்புளைக்கி இப்படி" என்று ஆள் பெயர் சொல்லாமல் கேட்டு, பதிலைக் கொண்டுவருவார். அவரும் யார் என்று கேட்காமல் பதில் சொல்வார்.

மாமி பதிலோடு வந்தது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த நேரம். பாயில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே சொன்னார்.

"பதினஞ்சி தாண்டினா அது மாசத்துல வார ரெத்தம் இல்லயாம். நோயால வார ரெத்தமாம். தடை இல்ல. கழுவி, நல்லா இறுக்கிக் கட்டிக்கிட்டு, ஒவ்வொரு தொழுகைக்கும் புதுசா ஒளு செஞ்சி தொழலாம். நோன்பும் பிடிக்கலாம்."

ராத்தாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அல்ஹம்துலில்லா, நோன்பு தவறாது," என்றாள். நானும் அல்ஹம்துலில்லா என்றேன். கஞ்சியை இறக்கி, நோன்பு திறக்கக் கொண்டுபோக மாமிக்கு ஒரு கோப்பை கொடுத்தேன்.

லெப்பை சரியாகத்தான் சொன்னார். நோயால் வருகிற ரத்தம் என்று எங்கள் காதுபடச் சொல்லி அனுப்பினார். அடுக்களையில் மூன்று பெண்கள் இருந்தோம். அப்படியானால் என்ன நோய் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. தொழலாமா கூடாதா என்று கேட்டோம், தொழலாம் என்று பதில் கிடைத்தது, அதோடு விஷயம் தீர்ந்துவிட்டது. எத்தனையோ வருடம் நான் லெப்பையைக் கோபித்திருக்கிறேன், மாமியைக் கோபித்திருக்கிறேன். கடைசியில் கோபம் சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வந்து நிற்கும்.

அந்த மாதம் முழுவதும் ராத்தா நோன்பு பிடித்தாள். விடியற்காலையில் எழும்பிச் சாப்பிட்டுவிட்டு, பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்க, ஐந்து வேளையும் கழுவி, கட்டி, முகம் கை கால் அலம்பி ஒளு செய்து தொழுதாள். இரவுத் தொழுகைக்கு நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். "உட்காந்து தொழுங்க ராத்தா" என்றால், "நிக்க ஏலுமான ஆளு உட்காரப்படாது" என்பாள்.

அப்போது பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் மருந்தான கொயினா கொடுக்க அரசாங்கத்திலிருந்து அப்போதிக்கரி என்ற மருந்துக்காரர் ஒருவர் வந்து போய்க்கொண்டிருந்தார். நடுவயதுச் சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். பெண்கள் வரிசையில் நாங்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றோம். என் பிள்ளைகளுக்கு மருந்து வாங்க நான் போயிருந்தேன். ராத்தா சின்னவனைத் தூக்கிக்கொண்டு கூட வந்திருந்தாள். அந்த மனிதர் சின்னவனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ராத்தாவின் முகத்தைப் பார்த்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டச் சொன்னார். காட்டினாள். தேங்காய்ப்பூப் போல வெளுத்திருந்தது.

"அம்மாவுக்கு ரத்தமே இல்லையே. எத்தனை நாள் காய்ச்சல்?" என்று கேட்டார்.

ராத்தா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வரிசையில் பின்னால் இருபது பெண்கள், பக்கத்தில் பள்ளிக்கூட மாஸ்டர், எதிரில் ஒரு அந்நிய ஆண்.

"ரெண்டு மாசமா விட்டு விட்டு வருது," என்றாள் ராத்தா.

"நடுக்கம் இருக்கா?"

"ஈக்கி," என்று பதில் சொன்னது நான்.

அவர் கொயினா மாத்திரையும் ஒரு போத்தலில் இரும்புச் சத்துத் தண்ணீரும் கொடுத்து, குறையாவிட்டால் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். தன் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். காய்ச்சலைப் பற்றி யாரிடமும் பேசலாம், எத்தனை நாள், எத்தனை தடவை, எப்படி நடுங்கியது என்று வரிசையில் நின்றுகொண்டே ஊருக்குக் கேட்கச் சொல்லலாம். மற்றதைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ராத்தா, "நல்ல வேள சமாளிச்ச," என்று என் முதுகைத் தட்டினாள்.

பெருநாள் கழிந்தது. ரத்தம் நிறம் மாறியது. இறைச்சி கழுவிய தண்ணீர் போல ஒன்று ஓயாமல் கசிந்தது, அதற்கு ஒரு வாடை இருந்தது. ராத்தா துணிப்பெட்டியில் பன்னீர் தெளித்தாள். பொழுது சாய்ந்து மஃரிபு நேரத்தில் வீடு முழுக்க சாம்பிராணி போட்டாள். முன்பு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் போடுவோம், இப்போது நாள் தவறாமல். இடுப்பிலும் தொடையிலும் வலி என்று இரவில் புரண்டாள். அடிவயிறு கனக்கிறது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பயம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "கனக்கிற புள்ள. ஒனக்கி மூத்தவன் வயித்துல ஈக்கக்குள்ள கனத்திச்சா?" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றுதான் சொன்னேன், ஏனென்றால் கனத்தது.

வியாழக்கிழமை வந்த என் கணவரிடம் சொன்னேன். என்னால் முடிந்த அளவுக்குச் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு, "பொம்புளைகள்ட விஷயம். பொம்புளைகள்ட கேளு," என்றார். எந்தப் பெண்ணிடம் கேட்பது? கேட்ட ஒரே பெண் ஏழு பீங்கான் கொடுத்திருந்தார்.

ஒரு நாள் பீலியடியில் ராத்தா மயங்கி விழுந்தாள். தூக்கி வந்து படுக்க வைத்துவிட்டு, மச்சான் ரயிலிலிருந்து வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருடன் நான் அதுவரை நேருக்கு நேர் பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று "சாப்பாடு வெச்சீக்கி" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சே இல்லை. அன்றைக்கும் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். "மச்சான், ராத்தாக்கு ஏழு மாசமா ரெத்தம் போகுது. நின்டு போன பொறகு வந்தது. நிக்குதில்ல," என்றேன். அவர் அக்குறணைப் பேச்சை நினைப்பாரோ, ராத்தாவின் ரகசியத்தை நான் உடைத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

அவர் உட்கார்ந்திருந்த கதிரை நகர்கிற சத்தம் கேட்டது.

"தெரியும் தங்கச்சி," என்றார். "நான் பிடவை விக்கிறவன். ஊட்டுக்கு எவ்வளவு வெள்ளைத் துணி வருதுன்டு எனக்குத் தெரியாதா? அவ செல்லாம நான் எப்பிடிக் கேக்கிற. வெக்கப்படுவான்டு இருந்திட்டன்."

ஒருவருக்கொருவர் வெட்கப்படுத்தக் கூடாது என்று ஏழு மாதம் காத்திருந்திருக்கிறோம். எனக்கு அழுகை வரவில்லை, அந்தக் கதவை உதைக்க வேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலை ரயிலில் கண்டிக்குப் போனோம். ராத்தா இரண்டு பாவாடை உடுத்தி, அதற்குள் அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பெண்களைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண் டொக்டர் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. யாழ்ப்பாணத்து நர்ஸ் மிஸ்ஸி ஒருத்திதான் கேட்டுக் கேட்டு இங்கிலீஷில் சொன்னாள். வெளியே ஆண்கள் உட்காரும் வாங்கில் மச்சான், உள்ளே திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ராத்தா, இந்தப் பக்கம் நான்.

"மாதம் நிண்டு எவ்வளவு காலம்? திரும்ப ரத்தம் பட்டது எப்ப துவக்கம்? இடையில விட்டதோ? புருசனோட இருந்தாப் பிறகும் படுறதோ? இந்த நாத்தம் எப்ப துவக்கம்?"

ஒன்றன் பின் ஒன்றாக மிஸ்ஸி கேட்டாள், சந்தையில் மரக்கறி விசாரிக்கிற மாதிரி, குரலைத் தாழ்த்தாமல். ராத்தா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றாள். இத்தனை காலமாக எங்களால் வாய்விட்டுச் சொல்ல முடியாத எல்லாவற்றையும் ஒருத்தி சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். கேட்டதில் பாதி எனக்கே தெரியாது.

டொக்டர் பார்த்துவிட்டுக் கை கழுவினார். கழுவிக்கொண்டே மிஸ்ஸியிடம் நாலைந்து வார்த்தை சொன்னார். மிஸ்ஸி என்னை நடைக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"கர்ப்பவாசலில புற்று. நல்லாப் பரவிப் போச்சுது. முந்தியே வந்திருந்தாக் கொழும்புக்கு அனுப்பி ஏதும் செய்து பாத்திருக்கலாம். இனி நோவுக்கு மருந்து தரலாம், வேற ஒண்டும் செய்யேலாது." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்று நிறுத்தினாள். "ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் வைச்சிருந்தனீங்கள்? நிண்டு போன ஆளுக்குத் திரும்ப ரத்தம் பட்டா அது மாதப்போக்கு இல்லை. ஒரு சொட்டெண்டாலும் வந்து காட்ட வேணும். சில நேரம் ஒண்டும் இராது. ஆனா அதைப் பாத்துத்தான் சொல்லலாம். மாதம் வாற ஆக்களுக்கும் அப்பிடித்தான். நாள் தவறி இடையில படுறது, கட்டி கட்டியாப் போறது, ஒரு கிழமை, ஏழு நாள் கழிஞ்சும் நிக்காதது, எல்லாம் காட்ட வேண்டியதுதான்."

நான் தலையாட்டினேன். இவ்வளவுதானா என்று இருந்தது. பதினைந்து நாள் சட்டத்தை மனப்பாடமாக வைத்திருந்த எங்களுக்கு இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

திரைக்குப் பின்னால் ராத்தா முக்காட்டைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன சென்னாங்க? புள்ள தங்குமாமா?" என்று கேட்டாள்.

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய இடமும் அதுதான். "மருந்து தந்தீக்காங்க ராத்தா. ஓய்வா ஈக்கச் சென்னாங்க," என்றேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது ரயிலில் திரும்பும்போது தெரிந்தது. யாருடைய தோளும் இடிக்காமல் வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் மச்சானும் நானும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரே பொய்யைச் சொன்னோம். வயிறு ஊதியது, கால்கள் மெலிந்தன. அவருடைய குடும்பத்தார் வந்தபோது முதல் தடவையாக அவர் "பாப்பம்" என்று சொல்லவில்லை, "இனி அந்தப் பேச்சு எடுக்க வேணாம்" என்றார். அதைக் கேட்ட ராத்தாவுக்கு உறுதியாகிவிட்டது. ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, என் கையை எடுத்துத் தன் அடிவயிற்றில் வைத்து அழுத்தினாள். "அசையிது பாரு," என்றாள். கைக்குக் கீழே கல்லாக ஒன்று இருந்தது. அசையவில்லை.

"ஓம் ராத்தா, அசையிது," என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் அதற்காக மட்டும் நான் வருந்தவில்லை.

மூன்று வாரத்தில் மவுத்தானாள். மாமிதான் வந்து குளிப்பாட்டினார். பஞ்சு வைக்க வைக்க நிற்காமல் கசிந்ததைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், அழுதார். வெளியே போய்ப் பெண்களிடம், "புள்ளையோட மவுத்தாயிட்டா. சஹீதுட கூலி," என்று சொன்னார். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி இறக்கும் பெண்ணுக்கு, மார்க்கத்துக்காக உயிர்விட்ட சஹீதுக்குக் கிடைக்கும் அதே கூலி இறைவனிடத்தில் உண்டு என்பது எங்கள் நம்பிக்கை. அழுதுகொண்டிருந்த பெண்களின் முகமே மாறிவிட்டது. மலடி என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் வரிசையாக வந்து அவள் நெற்றியில் முத்தமிட்டார்கள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் கிடைக்காத மரியாதை அவளுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. அதை நான் எப்படிப் பறிப்பேன்? வாயை மூடிக்கொண்டிருந்தேன். மச்சானும் மூடிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் போயிற்று. நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாமி ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று இருக்கும், பேரப்பிள்ளைகள் எடுத்தவர். பாயில் உட்கார்ந்து, பாக்கு வெட்டிக்கொண்டே, பெரிய வெட்கத்தோடு சிரித்தார்.

"செல்லவே வெக்கமா ஈக்கி மகள். எனக்கும் திரும்பிட்டு, ஒங்க ராத்தாக்கு வந்த மாதிரியே. அஞ்சாறு மாசமாகுது. இந்த வயசுல எனக்கென்னத்துக்குப் புள்ள? பேத்திமாரு சிரிப்பாளுகள்."

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ராத்தாவுக்குப் பிள்ளை இல்லை, அது புற்று என்று டொக்டர் சொன்னதை, மிஸ்ஸி நடையில் வைத்துச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும், நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். நாளைக்கே முதல் ரயிலில் கண்டிக்குப் போவோம், நானே கூட வருகிறேன், உள்ளே பெண்கள்தான் பார்ப்பார்கள் என்று கெஞ்சினேன்.

மாமி மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டார். கோபம் இல்லை, என் மேல் பாவப்பட்டார்.

"மகள், ஒங்க ராத்தாவக் குளிப்பாட்டினது நான். வயித்தத் தொட்டது இந்தக் கை. மவுத்தானவங்களப் பத்தி அப்பிடிச் செல்லப்படாது. அவவுட கூலிய நீங்களே இல்லாம ஆக்காதீங்க."

அன்றைக்கே சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். இரண்டு வருடம் ஊரெல்லாம் ராத்தாவுக்காகத் துஆ கேட்டு, அவளைச் சொல்லி மலடிகளுக்கு ஆறுதல் கூறிய பிறகு, நான் சொல்வது யார் காதில் ஏறும்? நோன்பு முடியட்டும் என்றார். நோன்பு முடிந்த பிறகு இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். இரண்டாம் தடவை அவர் மகள் வாசலிலேயே நின்று, உம்மா தூங்குகிறார் என்றாள்.

அடுத்த வருடம் மாமி மவுத்தானபோது பெண் மையித்தைக் குளிப்பாட்ட அந்த ஊரில் பழகிய கை இல்லை. அவரோடு கூட நின்று தண்ணீர் ஊற்றியிருந்த நாலு பேர் போனோம், நானும் ஒருத்தி. திரை கட்டி, பலகையில் கிடத்தி, துணியை மாற்றினோம். பஞ்சு போதவில்லை. குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த எங்களில் இளையவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "மாமிக்கும் புள்ளையா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்ல," என்றேன். திரைக்கு வெளியே ஆண்களுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று சொன்னேன். "நோய். ஏன்ட ராத்தாக்கும் இதே நோய்தான். புள்ள இல்ல, பொய். நின்டு போன பொறகு ஒரு சொட்டு வந்தாலும் ஆஸ்பத்திரிக்கிப் போங்க. செல்ல வெக்கமா ஈந்தா என்னக் கூப்பிடுங்க, நான் செல்றன்."

மூன்று பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் மூத்தவள், எனக்குத் தூரத்துச் சொந்தம், முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவளுக்கு என்ன வயதிருக்கும் என்று நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், நிமிரவில்லை.

வெளியிலிருந்து லெப்பையின் குரல், முடிந்துவிட்டதா என்று கேட்டது.

"தண்ணிய ஊத்துங்க, நேரமாகுது," என்றாள் அவள், முகத்தைத் திறக்காமலே. நான் ஊற்றினேன்.